ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தால், குடலிலிருந்து தொடங்குவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்புகிற பலரின் கையில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற வரி இருக்கிறது. வலி ஏதும் இல்லாததால் அந்தத் தாள் பீரோவுக்குள் போய்விடுகிறது. தயவுசெய்து அதை வெளியே எடுத்து வையுங்கள்.

குடிப்பழக்கமே இல்லாதவருக்கு இது எப்படி வந்தது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதிக எடை, சர்க்கரை நோய், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றோடு குடலுக்கும் இதில் பங்குண்டு. கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து புறப்படும் போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது. ஆகவே குடலில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்கள் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரலே. நார்ச்சத்து கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் முதலிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய உணவு. நார்ச்சத்து கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன, சுவரின் இணைப்புகள் தளர்கின்றன, பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சு இரத்தத்தில் கசிந்து கல்லீரலின் காவல் செல்களைத் தூண்டி அழற்சியை உண்டாக்குகிறது. சில பாக்டீரியாக்கள் குடலுக்குள்ளேயே சாராயம் காய்ச்சுகின்றன: மிகுதியாக ஆல்கஹால் உண்டாக்கும் கிளெப்சியெல்லா நிமோனியே வகை, கொழுப்புக் கல்லீரல் உள்ள பலரிடம் காணப்பட்டதாகச் சீன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள்.

உணவை மாற்றுவதற்கு முன், கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வயது, இரத்தப் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதிகள், இரத்தத்தட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து 'ஃபிப்-4' என்ற எண்ணை மருத்துவர் கணக்கிடுவார். 65 வயதுக்குட்பட்டவருக்கு அது 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. கூடினால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படலாம்.

சமையலறையில் முதலில் நிறுத்த வேண்டியவை குளிர்பானமும் சீனி கரைத்த பழச்சாறும்தான், ஏனெனில் மிகுதியாகச் சேரும் ஃபிரக்டோஸைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. வெல்லமும் கல்லீரலுக்குச் சீனிதான் என்பதை ஆச்சிமார் மன்னிக்க வேண்டும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், அதிரசம் ஆகியவற்றை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. அன்றாட இடைப்பலகாரமாக இருப்பதை மாற்றி, விசேஷ நாளுக்கு ஒதுக்குங்கள்.

நுண்ணுயிர்களுக்கு வேண்டிய தீனி நம் செட்டிநாட்டு வீட்டு மண்டிக் குழம்பிலேயே இருக்கிறது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுசாகவே வதக்கி, வெண்டைக்காயும் இரவு ஊறி வெந்த மொச்சையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், ஒரே குழம்பில் பலவகை நார்ச்சத்து சேர்ந்துவிடுகிறது. சோற்றைக் குறைத்து மண்டியைக் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் இரண்டு கரண்டி போதும். கவுனி அரிசியைச் சீனியும் நெய்யும் போட்டுத்தான் உண்ண வேண்டும் என்று விதியில்லை. தவிடு நீங்காத அந்த அரிசியை இரவெல்லாம் ஊறவைத்து வேகவைத்து, பருப்புடனும் காயுடனும் உண்ணலாம். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி நுண்ணுயிர்களுக்குப் போய்ச் சேரும் என்பதால் நீராகாரத்தோடு பழைய சோறும் நல்லதே, ஆனால் சர்க்கரை நோயாளிகள் அளவு பார்க்க வேண்டும்.

பருப்பையும் பயற்றையும் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையை இந்நோய்க்கு மருந்தாக நம்பிப் பணம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும், 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' பொடிகளும் வேண்டாம்; அப்படிப்பட்ட சில பொடிகளே கல்லீரலைக் கெடுத்ததுண்டு.

உடல் பருத்தவர்களுக்கு எடை இறங்குவதே மிக உறுதியான வழி. 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும். 70 கிலோ உள்ளவருக்கு அது முதலில் மூன்றரைக் கிலோ, பிறகு ஏழு கிலோ. சிரோசிஸ் (தழும்பு முற்றிய கல்லீரல்) இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போகும்போது பீரோவிலிருந்து எடுத்த அந்தத் தாளையும் உடன் கொண்டுபோங்கள்.