பிஜிஏ ஆட்டத்திறன் தேர்வு: இலக்கைக் கணக்கிட்டு ஆடுவது எப்படி?

அமெரிக்க பிஜிஏவின் (தொழில்முறை கோல்ஃப் வீரர்கள் சங்கம்) கிளப் புரொஃபஷனலாக, அதாவது கோல்ஃப் கிளப்பில் பயிற்சியளிக்கும் தொழில்முறை ஆட்டக்காரராக, விரும்புவோர் 36 குழித் தேர்வுக்கு இலக்கை இப்படிக் கணக்கிடுங்கள்: மைதான மதிப்பீட்டை (தேர்ந்த ஆட்டக்காரருக்கு 18 குழிகளுக்குத் தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்ட அடிகள்) இரட்டித்து 15 கூட்டுங்கள். மதிப்பீடு 72 என்றால் இலக்கு 159 அடிகள்; அதற்கு மேல் போகக் கூடாது. சுற்றுக்குச் சராசரி 79.5. பேர்டிக்காக (குழிக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது) ஓட வேண்டாம். கவிழ்ப்பது ஒரே குழியில் விழும் எட்டு, ஒன்பது அடிகள்தான். மரங்களுக்குள் மாட்டினால் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (புல் குட்டையாக வெட்டிய ஆட்டப்பாதை) தட்டிவிடுங்கள். ஓர் அடி போனால் போகட்டும்.

பந்து தொலைந்திருக்கும் என்று தோன்றினால், தேடப் போகும் முன்பே ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் தண்டனையோடு அதுவே ஆட்டப்பந்து. அப்புறம் முதல் பந்து கண்ணெதிரே கிடந்தாலும் பயனில்லை. தேடவோ 3 நிமிடம்தான்.

பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது. ஸ்கோர் அட்டையில் ஒரு குழிக்கு உண்மையில் அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கொடுத்தால் தகுதிநீக்கம். கையெழுத்திடுமுன் குழிகுழியாகச் சரிபாருங்கள்.