இது சூதா, இல்லையா: அறிந்துகொள்ளும் வழியும் விட்டு விலகும் வழியும்

ஒரு பந்தயமோ, குலுக்கலோ, கைப்பேசிச் செயலியோ நம் முன்னால் வரும்போது, அது சூதாட்டமா என்பதை அதற்கு வைத்திருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குர்ஆன் தடுத்த ‘மைஸிர்’ என்ற சூது எப்படி நடந்தது என்பதை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் கால அரபியர் ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கு பிரித்து, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அவற்றில் ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மீதி மூன்றும் வெற்று அம்புகள். பங்கு கிடைக்காமல் தோற்றவர்களே ஒட்டகத்தின் விலையைச் சுமக்க வேண்டும். வென்றவர்களோ இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுப்பதையே பெருமையாக நினைத்தார்கள். அப்படியிருந்தும் அது ஹராமாக்கப்பட்டது, அதாவது தடுக்கப்பட்டது. வருமானத்தில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகிறது என்று சொல்லி விற்கப்படும் லாட்டரிச் சீட்டுக்கான பதில் இதிலேயே இருக்கிறது. சூதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதைக் குர்ஆனின் 2:219 வசனம் (2ஆம் அத்தியாயம், 219ஆம் வசனம்) மறுக்கவில்லை. பயனைவிடப் பாவம் பெரிது என்றே அது சொல்கிறது. பின்னர் வந்த 5:90 வசனம் அதை ஷைத்தானின் அசுத்தமான செயல் என்று கூறி, முழுமையாக விலகும்படி கட்டளையிட்டது.

ஆகவே எது வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கலந்துகொள்கிறவர்கள் தங்கள் கையிலிருந்து எதையாவது பணயம் வைக்கிறார்களா? முடிவு தெரியாத ஒன்றைச் சார்ந்து, ஒருவர் இழந்ததே இன்னொருவருக்கு லாபமாகப் போய்ச் சேருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது சூதுதான். எட்டு நண்பர்கள் ஆளுக்கொரு தொகை போட்டு, விளையாட்டில் வென்றவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். இது திறமைக்குக் கிடைக்கும் பரிசு என்று பலர் மனதார நம்புகிறார்கள். ஆனால் பரிசாக வருவது தோற்ற ஏழு பேரின் பணம். தோற்றவர் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் இதே வகைதான். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றின் போட்டிகளிலேயே பரிசுக்கு இடமுண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நபிமொழி நூல்களில் வருகிறது. வேறு எந்தப் போட்டிகளை இவற்றோடு சேர்க்கலாம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அனுமதிக்கப்பட்ட போட்டியிலும், விளையாடாத ஒருவர் பரிசைத் தருவதே சிக்கலற்ற வழி.

பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று நபித்தோழர் அபூபக்ர் (ரலி) பந்தயம் கட்டினார்களே என்று சிலர் கேட்பார்கள். அது பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்பது திர்மிதீயின் அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

வியாபாரத்திலும் நஷ்டம் வரலாம், அதனால் அது சூதாகிவிடாது. அங்கே பொருளோ உழைப்போ கைமாறுகிறது, இரு தரப்பும் மனம் பொருந்திச் செய்யும் வியாபாரத்தை 4:29 வசனமும் அனுமதிக்கிறது. கடைக் குலுக்கலில், தேவையான பொருளை வழக்கமான விலைக்கு வாங்கும்போது கூப்பன் இலவசமாகக் கிடைத்தால் இக்கால ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் அதை அனுமதிக்கிறார்கள். கூப்பனுக்காகவே வாங்கினால் நிலைமை மாறிவிடும். கைப்பேசி விளையாட்டில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறப்பதையும் இதே கேள்விகளால் உரசிப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. “விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்” என்ற எண்ணம்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. சூதின் மூலம் பகையையும் வெறுப்பையும் உண்டாக்கி, அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவே ஷைத்தான் விரும்புகிறான் என்கிறது 5:91. பந்தயம் கட்டிவிட்டுத் தொழ நின்றவரின் கை, ஸலாம் கொடுத்த மறுகணமே சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வசனம் விளங்கும். ஆகவே போன பணத்தைப் போனதாகவே விட்டுவிடுங்கள். இன்றே கணக்கை மூடி, செயலியை நீக்கி, பணப் பொறுப்பைச் சில மாதங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய கூட்டாளி கூப்பிடுவார். ‘வா, சூதாடுவோம்’ என்று அழைத்தவர்கூட அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்பது புகாரி, முஸ்லிமில் வரும் நபிமொழி. அழைப்பளவிலேயே குற்றம் தொடங்கிவிடுகிறது என்பதால் அந்தக் குழுவிலிருந்தே வெளியேறிவிடுங்கள்.

பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என உறுதி கொள்வது ஆகியவற்றோடு, மனிதர்களின் உரிமையை மீட்டுக் கொடுப்பதும் தவ்பாவின் (பாவமன்னிப்புத் தேடி மீளுதலின்) நிபந்தனை. எனவே யாரிடம் வென்றீர்கள் என்று தெரிந்தால் அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வழி. அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்திடம் வென்ற பணம், வென்றதைச் செலவழித்துவிட்டு இப்போது வறுமையில் இருக்கும் நிலை போன்றவற்றில் ஆளுக்கு ஆள் விவரம் மாறும் என்பதால், தொகையை மறைக்காமல் ஓர் ஆலிமிடம் சொல்லிக் கேளுங்கள்.

விட முயன்று தோற்றுக்கொண்டே இருப்பவர் மருத்துவரையும் பார்க்க வேண்டும். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிகிச்சை பெறுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) குறைவல்ல. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்கள் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது 39:53. வாங்கிய கடன்களையெல்லாம் இன்று இரவே ஒரு தாளில் எழுதி, வீட்டில் உள்ளவர்களிடம் அந்தத் தாளை அப்படியே காட்டுங்கள்.