பிள்ளைக்குப் பெரிய நோய்: நீலகிரியில் துணை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலோ படுகர் ஊரான ஹட்டியிலோ ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், முதல் வாரம் அந்த வீட்டில் நிற்க இடமிருக்காது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஐந்நூறு ரூபாய்த் தாள் என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். நான்காம் மாதம் பிள்ளைக்கு முடி கொட்டியிருக்கும். அப்பா வேலைக்குப் போகாத நாட்களின் கடன் ஏறியிருக்கும். அப்போது வாசலில் ஆள் இருக்காது.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயான லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவுக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடக்கும். பரம்பரை ரத்த நோய்களான அரிவாள் செல் சோகை, தாலசீமியா, மற்றும் தசைச் சிதைவு ஆகியவற்றுக்கு ஆண்டுக் கணக்கே கிடையாது. ஆகவே கிடைக்கும் உதவியை முதலிலேயே நீட்டி வையுங்கள். "என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்று சொல்பவரிடம் அங்கேயே ஒரு வேலையையும் ஒரு மாதத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் மாதம் இரண்டு முறை கோவைக்குக் கார், அக்டோபரில் தம்பியைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, டிசம்பரில் விறகு. மாதம் குறிக்காத வாக்கு பெரும்பாலும் முதல் மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது.

எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் பொறுப்பில்லை

கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர், அங்கன்வாடி டீச்சர், சர்ச் அல்லது கோயில் கமிட்டி, மகளிர் குழு, எஸ்டேட் டிஸ்பென்சரி என்று ஒரே வீட்டுக்கு ஆறு பேர் வந்து போவதுண்டு. ஆறு பேரும் அம்மாவிடம் அதே ஆறு கேள்விகளைக் கேட்பார்கள். ரத்தம் ஏற்ற வேண்டிய தேதி நாளை என்பது மட்டும் அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர் போதும். குடும்பம் நம்புகிறவராக அவர் இருக்க வேண்டும். ஊரில் செல்வாக்கானவரைக் குடும்பத்தின் மேல் திணிக்காதீர்கள். அம்மாவையே ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிடுவது பலர் செய்யும் பிழை. அவருக்கு ஏற்கெனவே இரவு பகல் இல்லை. மற்றவர்கள் சொல்ல வேண்டியதையும் கேட்க வேண்டியதையும் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லட்டும். அவர் வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், வீட்டோடு பேசட்டும். சிக்னல் இல்லாத எஸ்டேட் டிவிஷன் என்றால் நேரில் போகட்டும். ஒருவர் இரண்டு குடும்பங்களுக்கு மேல் ஏற்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அதோடு ஒரு நோட்டு. மருத்துவமனை ஃபைல் வேறு, இது வேறு. முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், வயது, எடை (எடுத்த தேதியோடு), நோயின் பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, மருத்துவமனைப் பதிவு எண், சிகிச்சை பார்க்கும் பெரிய டாக்டரின் வார்டு தொலைபேசி. அடுத்த பக்கத்தில் மருந்துகள்: பெயர், மி.கி., எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு.

மி.கி.யும் மி.லி.யும் இரண்டுமே ஏன்? பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வலிமையில் கடையில் கிடைக்கிறது. 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 180 மி.கி. முதல் பாட்டிலில் அது 7.5 மி.லி.; இரண்டாவதில் 3.6 மி.லி. "ஏழரை மி.லி. கொடு" என்று மட்டும் எழுதியிருந்து பாட்டில் மாறிப்போனால், இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். சமையலறை ஸ்பூனும் ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சால் அளந்து கொடுங்கள்.

காய்ச்சலை விடியும்வரை தள்ளிப்போடுவது

இந்தப் பட்டியலில் உயிரைக் குடிக்கும் தவறு இதுதான். கீமோதெரபி நடக்கும் பிள்ளைக்கு வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாட்களில், சாதாரணக் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுவதும் பரவிவிடும். அப்போது சளியோ இருமலோ இருக்க வேண்டும் என்பதில்லை. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பாராசிட்டமால் கொடுத்துச் சூடு இறங்கியதும் "சரியாயிடுச்சு, காலையில முதல் பஸ்ஸுக்குப் போகலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். மருந்து சூட்டைத்தான் இறக்கியது. கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலான மருத்துவமனைகள் ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ உடனே வரச் சொல்கின்றன. உங்கள் பிள்ளைக்குச் சொன்ன எண் எதுவோ அதை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் மாத்திரை. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போடவும் விடாதீர்கள்; ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்திருந்தால் உள்ளே ரத்தம் கட்டும். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும்.

அரிவாள் செல் பிள்ளைக்கும் 101.3 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் இரவே கிளம்ப வேண்டும். சிறு வயதிலேயே மண்ணீரல் செயலிழப்பதால் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை அந்த உடம்பால் தடுக்க முடிவதில்லை. ஐந்து வயது வரை நாள்தோறும் பெனிசிலின் கொடுப்பது அதற்காகத்தான். பிள்ளை திடீரென்று வெளிறி, இடது விலாவுக்குக் கீழே வயிறு உப்பிக் கெட்டியானால் மண்ணீரலில் ரத்தம் தேங்குகிறது என்று பொருள். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க அம்மாவுக்குச் செவிலியர் ஒருமுறை கற்றுக்கொடுத்தால் போதும்.

காய்ச்சல் வந்த பிறகு வண்டி தேடக் கூடாது. மூன்று ஓட்டுநர்களின் எண்களை வரிசையாக எழுதி, அவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். 108 எந்த வளைவு வரை வரும், அங்கே பிள்ளையை யார் தூக்கி வருவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். நேராகக் கோவைக்கு ஓடுவதும் பிழையாகலாம்: முதல் டோஸ் மருந்தை மலையிலேயே போடக்கூடிய மருத்துவமனை எது என்று பெரிய டாக்டரிடம் கேட்டு, "காய்ச்சல் என்றால் இந்த மருந்து, இந்த அளவு" என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தை நோட்டில் ஒட்டிவையுங்கள். பணியிலிருக்கும் டாக்டர் தயங்காமல் தொடங்க அது உதவும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தினர் மைசூருக்கோ கேரளத்துக்கோ போவதுண்டு. மைசூருக்குப் போகும் பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. ஆம்புலன்ஸை விடுவார்கள், தனியார் ஜீப் செக்போஸ்டில் நின்றுவிடும். மாநிலம் தாண்டியுள்ள மருத்துவமனை உங்கள் காப்பீட்டு அட்டையை ஏற்குமா என்பதைப் பகலில், நிதானமாக, முன்பே கேட்டு வையுங்கள்.

சமவெளிக் கணக்கை மலைக்குக் கொண்டுவருவது

ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டரை மணி நேரம்; வாந்தி எடுக்கும் பிள்ளையோடும், பர்லியாறில் மரம் விழுந்த நாளிலும் அதற்குக் கணக்கில்லை. ரத்தப் பரிசோதனை ஒரு நாள், ஸ்கேன் ஒரு நாள், டாக்டர் ஒரு நாள் என்று எழுதிக்கொடுத்தால் அப்படியே வாங்கி வராதீர்கள். மலையிலிருந்து வருகிறோம், ஒரே நாளில் வையுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையை மலையிலேயே எடுத்து முடிவை அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். வாந்தித் தடுப்பு மாத்திரை டாக்டர் எழுதியிருந்தால் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். முதல் ஹேர்பின் வளைவில் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் வெயிலுக்குப் போட்ட மெல்லிய சட்டையோடு பிள்ளை தூங்கிவிடும். குன்னூரில் நடுங்கிக்கொண்டு எழும். அரிவாள் செல் பிள்ளைக்குக் குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் வலி நெருக்கடியைத் தூண்டும். கல்லாறிலேயே ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா போட்டுவிடுங்கள். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். வலி வந்த இடத்தில் ஐஸ் வைக்கவே கூடாது, வெதுவெதுப்பான ஒத்தடம்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் மலையில் கொஞ்சம் வேறு மாதிரி பேசும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நலமாக இருப்பவருக்கே கோவையில் காட்டுவதைவிட ஓரிரு புள்ளிகள் குறையலாம். பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் வீட்டிலேயே அளந்து, அந்த எண்ணை டாக்டரிடம் காட்டி, எதற்குக் கீழே போனால் கிளம்ப வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். விரல் சில்லென்றிருந்தால் அளவு பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு அளக்கவும்.

வீட்டில் ஆக்சிஜன் இருக்கிறது, பயமில்லை என்ற நினைப்பும் ஆபத்து. காற்றடிக்கும் ஜூலையில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று கம்பியில் சாய்ந்தால் கரண்ட் மறுநாள்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும்; வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று மணி நேரம் போலத்தான் தாங்கும். அதற்குப் பின் சிலிண்டர். 'பி' டைப்பில் ஏறத்தாழ 1,500 லிட்டர்: நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் 25 மணி நேரம், 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை. ஆனால் சிலிண்டரைத் திறக்கும் சாவி காணாமல் போயிருக்கும்! சாவியைக் கயிறு கட்டிச் சிலிண்டரிலேயே தொங்கவிடுங்கள். விறகடுப்புக்கும் ஹீட்டருக்கும் எட்டாத அறையில் வையுங்கள். குளிருக்காகக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது எந்த வீட்டிலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

வலி என்றால் அழும் என்று நினைப்பது

நாள்பட்ட வலியுள்ள பிள்ளை பெரும்பாலும் அழாது. அசையாமல் படுத்திருக்கும், விளையாட்டுப் பொருளைத் தொடாது, சாப்பாட்டைத் தள்ளும். பார்க்க வருபவர்கள் "சமத்தாப் படுத்திருக்கான்" என்பார்கள். தொடும்போது முகம் சுளிக்கிறதா, கால் மடங்குகிறதா என்று பார்த்து நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

மார்ஃபின் என்றாலே கடைசி மருந்து, அடிமையாகிவிடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. குழந்தைகளின் கடும் வலிக்கு பாராசிட்டமால், இபுப்ரோஃபென் வகைக்கு அடுத்த படியே மார்ஃபின்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே வழிகாட்டியது. டாக்டர் எடைக்கேற்ப எழுதியதை மணிப்படி கொடுக்க வேண்டும். வலி ஏறிய பிறகு கொடுத்தால் பிடிக்க நேரமாகும். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் இளக்கி மருந்து முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். சட்டென்று நிறுத்தக் கூடாது. இது எல்லாக் கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான். ஆகவே மாத்திரை ஒரு நாளுக்கு மட்டும் மிஞ்சும் வரை காத்திருக்காமல், முன்பே வாங்கக் கிளம்புங்கள். மழைக்காலத்தில் எல்லா மருந்தும் பத்து நாள் கையிருப்பு இருக்கட்டும்: கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல்.

அன்போடு கொண்டுவரும் கிருமி

பார்க்க வருபவர்களைத் தடுக்கத் தெரியாமல் அம்மாக்கள் தவிப்பார்கள். அந்த வேலையை ஒருங்கிணைப்பாளர் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு நேரத்தில் இருவர், சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகு. வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி வேண்டாம். தோல் உரிக்கும் பழம், சூடாகச் செய்த இட்லி, கஞ்சி நல்லது.

அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் வரக் கூடாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் அம்மை இறங்கும் வரை ஆஸ்பத்திரிக்கும் சொல்வதில்லை, அக்கம்பக்கத்திலும் பேசுவதில்லை. கீமோ நடக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிராபத்து. தெரியாமல் பக்கத்தில் இருந்துவிட்டால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே வார்டுக்குப் போன் செய்யுங்கள். பாதுகாப்பு மருந்து முதல் நான்கு நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

பணமும் தாளும்

பிள்ளையின் மொட்டைத் தலைப் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுப் பணம் திரட்டாதீர்கள். பிள்ளை பிழைத்து எட்டாம் வகுப்புக்கு வரும்போதும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும். படமில்லாமல், தெரிந்தவர்களிடம், மாதம் இவ்வளவு என்று வாங்கலாம். வரவு செலவை இருவர் எழுதிக் குடும்பத்துக்குக் காட்டட்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) சிகிச்சையைப் பார்த்துக்கொண்டாலும், கூட இருப்பவரின் சாப்பாடு, பஸ், அறை வாடகை, இழந்த நாள் கூலி வெளியே நிற்கும். திரட்டிய பணம் அங்கேதான் போக வேண்டும். அரிவாள் செல், தாலசீமியா, ரத்தம் உறையாத நோயான ஹீமோஃபிலியா மூன்றும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. இது தெரியாததால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காத குடும்பங்கள் ஏராளம்.

கேட்காமல் முடிவெடுப்பது

பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் இந்தத் தவறு கூடுதல். வெளியாட்கள் வேகமாகத் தமிழில் பேசுவார்கள், வீட்டார் தலையாட்டுவார்கள், அதைச் சம்மதம் என்று வெளியாட்கள் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் வீடு பூட்டியிருக்கும். அதே குடியிருப்பின் சுகாதாரப் பணியாளரை முதல் சந்திப்பிலேயே உடன் வைத்துக்கொள்ளுங்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் 1958இல் மருத்துவர் எஸ். நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் பழங்குடி மக்களிடையே நெடுங்காலம் வேலை செய்பவை. அவர்களைத் தாண்டிப் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியதில்லை.

அண்ணன் தங்கைகளையும் மறந்துவிடுகிறோம். வாரம் ஒருமுறை அவர்களோடு மட்டும் இருக்க ஓர் ஆள் வேண்டும். வகுப்பாசிரியருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

சிகிச்சை கைகொடுக்காத நிலையில், பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் மெதுவாக, முன்கூட்டியே கேளுங்கள். வீடுதான் என்றால், மூச்சுத்திணறலுக்கும் வலிப்புக்கும் என்ன கொடுப்பது, இரவில் யாரை அழைப்பது என்று டாக்டர் எழுதிய தாள் வேண்டும். அது இல்லாத வீட்டில் யாரோ ஒருவர் பதறி 108ஐ அழைப்பார். கடைசி மணி நேரம் மலைப்பாதையின் வளைவுகளில் கழிந்துபோகும்.

காரியம் முடிந்ததும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் சிலிண்டர், கான்சன்ட்ரேட்டர், மீதி மார்ஃபின் இருக்கும். மார்ஃபினை எண்ணி, உடனே மருத்துவமனையில் ஒப்படையுங்கள். மற்றவற்றை முதல் வாரத்தில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். அம்மா சொல்லும் நாளில், அவர் காட்டும் பொருளை மட்டும் எடுங்கள். வாரம் ஒருமுறை பேசிய அந்த நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் இன்னும் சில மாதங்கள் போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.