ஸ்காட்லாந்து அணியோடு வெளிநாட்டு ஆட்டத்துக்குப் போவது எப்படி?

கிளாஸ்கோவில் குடியேறிய தமிழர்களில் கால்பந்துப் பித்து உள்ளவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அக்கா, கில்ட் பாவாடை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறதே ஒரு கூட்டம், அதில் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?" சேர்த்துக்கொள்வார்கள். டார்ட்டன் ஆர்மி என்று அழைக்கப்படும் ஸ்காட்லாந்து ரசிகர் கூட்டத்துக்கு நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தோடு போய் நிற்பதற்கு முன்னால் டிக்கெட், விசா, விடுப்பு என்று மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்.

டிக்கெட்டில் தொடங்குவோம். ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஆட்டங்களில் விருந்தினர் அணியின் ரசிகர்களுக்கு மைதானக் கொள்ளளவில் குறைந்தது 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனத்தின் விதி. முப்பதாயிரம் பேர் அமரும் மைதானம் என்றால் 1,500 இடம். கேட்பவர்களோ பல மடங்கு. அதனால் ஸ்காட்லாந்து கால்பந்து சங்கம் நடத்தும் ஸ்காட்லாந்து சப்போர்ட்டர்ஸ் கிளப்பில் உறுப்பினராக வேண்டும். போகும் ஆட்டங்களுக்கு ஏற்பப் புள்ளிகள் சேரும். புள்ளி அதிகம் உள்ளவர்களுக்கே வெளிநாட்டு டிக்கெட் முதலில் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த உடனே பாரிஸ், லிஸ்பன் என்று கனவு காணாதீர்கள். குளிர் கொட்டும் நவம்பரில், நேரடி விமானமே இல்லாத ஊரில், யாரும் ஆசைப்படாத ஒரு ஆட்டம் இருக்கும். அதற்கு விண்ணப்பியுங்கள். புள்ளியும் சேரும், கூட்டம் சிறியதாக இருப்பதால் எல்லோருடைய முகமும் பழகிவிடும். என் நெருங்கிய நண்பர்கள் எல்லோருமே அப்படிப்பட்ட ஆட்டங்களில் கிடைத்தவர்கள்தான்.

ஆட்டம் நடக்கும் நாட்டின் ரசிகர்களுக்கான பகுதியில் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம் என்பேன். நீல ஜெர்சியோடு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். உள்ளே போய்விட்டாலும் உங்கள் அணி கோல் போடும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கா இவ்வளவு செலவு?

விசா விஷயம் நம்மவர்களுக்குத்தான் தலைவலி. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டனில் வசிக்கும் உரிமை இருந்தாலும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 90 யூரோ. நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் பெரும் பாடு என்பதால் ஆட்ட அட்டவணை வந்த அன்றே முன்பதிவு செய்துவிடுங்கள். பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அது வழங்கப்பட்டுப் பத்தாண்டு ஆகவில்லை என்பதையும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள். வரிசை நீளம். ஆட்டத்தன்று மதியம் போய் இறங்குகிறேன் என்று திட்டமிடுபவர்களை நான் என் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

விடுப்பு பற்றி ஒரு வரி போதும். தகுதிச் சுற்று ஆட்டங்கள் வியாழன் முதல் செவ்வாய் வரை எந்த நாளிலும் வரும். நான் மருத்துவமனைச் செவிலி, ஆகவே கிறிஸ்துமஸ் இரவுப் பணியை யாருக்காவது ஏற்றுக்கொண்டு நவம்பர் வியாழக்கிழமையை வாங்கிக்கொள்வேன்.

இனி உடை. கில்ட் கட்டாயமா என்று கேட்பார்கள். கட்டாயமில்லை, ஆனால் கட்டினால் பேச்சுக்கு ஆள் தேடி வரும். பெண்களும் நிறையப் பேர் கட்டுகிறார்கள். கில்ட்டில் பை கிடையாது. அதற்காகத்தான் முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல் பை. பாஸ்போர்ட், பணம், போன் எல்லாம் அதற்குள். அதன் சங்கிலியும் கொக்கியும் விமான நிலையச் சோதனையில் ஒலி எழுப்பும், முன்கூட்டியே கழற்றித் தட்டில் வையுங்கள். முழு மரபுடையில் காலுறைக்குள் செருகும் சிறு கத்தி ஒன்று உண்டு. அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானத்திலும் ஏற முடியாது, மைதானத்துக்குள்ளும் விட மாட்டார்கள். எட்டு கஜக் கம்பளித் துணியில் தைத்த கில்ட் நல்ல கனம். ஜூன் மாத வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு திரிவது தவம். காலுக்கு மலையேறும் பூட்ஸும் தடித்த காலுறையும் போதும். நாள் முழுக்கக் கருங்கல் தெருவில் நடக்கப்போகிறீர்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று எல்லா நாட்டிலும் ஒருவராவது கேட்பார். சிரித்துவிட்டு நகருங்கள். அதற்குப் புதிதாக ஒரு பதிலை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பெட்டியில் இன்னொன்றும் வையுங்கள்: ஒரு கைப்பிடி பேட்ஜ்கள். கொடி போட்ட சாதாரணச் சட்டைப் பேட்ஜ் போதும். உள்ளூர்ச் சிறுவர்கள், ரயில் டிக்கெட் பரிசோதகர், எதிரணி ரசிகர்கள் என்று கொடுக்க ஆள் குறைவே இல்லை. பதிலுக்கு அவர்களும் எதையாவது கொடுப்பார்கள். அந்த ஊர் கிளப் அணியின் ஸ்கார்ஃபாக இருந்தால் பைக்குள் வையுங்கள், கழுத்தில் போடாதீர்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸில் நாங்கள் கிரீஸோடு ஆடிய மைதானம் ஒலிம்பியாகோஸ் கிளப்பின் வீடு. அவர்களுக்கும் ஏதென்ஸின் பானதினைகோஸுக்கும் தீராப் பகை. பச்சை நிறம் யாருடையது, சிவப்பு யாருடையது என்று தெரியாமல் தெருவில் இறங்குவது நமக்கு எதற்கு?

ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் ஊரின் பெரிய சதுக்கத்துக்குப் போங்கள். யாரும் அறிவிக்காமலே கூட்டம் அங்கேதான் சேரும். 2024 ஜூனில் ஐரோப்பியக் கோப்பையின்போது மியூனிக்கின் மரியன் சதுக்கம் அப்படித்தான் இருந்தது. தனியாக வந்தவர் என்றால் கொடியைப் பாருங்கள். நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி போட்ட கொடியில் பலரும் தங்கள் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் ஊர்க் கொடி கண்ணில் பட்டால் அதன் கீழே போய் நின்று "நான் இந்தத் தெரு" என்று சொன்னால் போதும். முதல் கேள்வி எந்த விமானத்தில் வந்தாய், எத்தனை இடத்தில் மாறினாய் என்பதாகத்தான் இருக்கும். சுற்றிச் சுற்றி, மலிவாக, தூக்கமில்லாமல் வந்தவருக்கே அங்கே மதிப்பு அதிகம்.

பாட்டு தெரியாதே என்று தயங்க வேண்டாம். அன்று மாலைக்குள் எல்லாம் காதில் ஏறிவிடும். குடிப்பழக்கம் இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். நான் குடிப்பதில்லை, இதுவரை யாரும் என் கையில் கோப்பையைத் திணித்ததில்லை. பழைய கதைகள் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எஸ்டோனியத் தலைநகர் டாலினில் நடந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1996 அக்டோபர் 9. எஸ்டோனியாவின் தற்காலிக மின்விளக்குகள் சரியில்லை என்று ஸ்காட்லாந்து முறையிட, ஆட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். எஸ்டோனிய அணி வர மறுத்துவிட்டது. ஸ்காட்லாந்து மட்டும் களத்தில் இறங்கி, பந்தை உதைத்துத் தொடங்கிய மூன்றாவது நொடியில் நடுவர் ஊதிவிட்டார். காலி எதிரணியைப் பார்த்து ரசிகர்கள் "டாலினில் ஒரே ஒரு அணிதான்" என்று பாடினார்கள். பிறகு ஆட்டம் மொனாக்கோவில் மறுபடி நடந்து, கோல் இல்லாமல் முடிந்தது. மூன்று நொடி ஆட்டத்தைப் பற்றி இத்தனை ஆண்டாகப் பேசுகிறார்கள் என்றால் இந்தக் கூட்டம் கோலுக்காக மட்டும் போவதில்லை என்று விளங்கும்.

இந்தக் கூட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 1977இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 2–1 என்று வென்றதும் களத்துக்குள் இறங்கிக் கோல் கம்பத்தை உடைத்துப் புல்லைப் பிய்த்துக்கொண்டு போனவர்களும் இவர்கள்தான். இப்போது ரசிகர்களே நடத்தும் டார்ட்டன் ஆர்மி சன்ஷைன் அப்பீல் என்ற அறக்கட்டளை, அணி வெளிநாட்டில் ஆடும் ஊர்களில் குழந்தைகளுக்கான அமைப்புகளுக்கு நன்கொடை கொடுக்கிறது. உண்டியல் வந்தால் போடுங்கள். சத்தம் போடலாம், தெருவை அடைத்து ஆடலாம்; கிளம்பும்போது குப்பையை எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பணியாளர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும். எதிரணியின் தேசிய கீதம் ஒலிக்கும்போது வாய் திறக்கக் கூடாது. உங்கள் பக்கத்தில் ஒருவர் ஊளையிட்டால் தோளைத் தொட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் அது போதும்.

பணத்துக்குப் பொதுப்பை முறைதான் சிறந்தது. எல்லோரும் சமமாகப் போட்டு, ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் குழுவில் அந்த வேலை என்னுடையது, ஏனென்றால் இரவு பதினொரு மணிக்கு மேல் கூட்டல் கழித்தல் செய்யக்கூடியவள் நான் ஒருத்திதான். டாக்சி, ரயில், சாப்பாடு பொதுப்பையிலிருந்து. குடி அவரவர் காசு. இந்த ஒரு விதியால் பல நட்புகள் பிழைத்திருக்கின்றன.

ஆட்டத்தன்று மைதானத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். விருந்தினர் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான். சோதனை பலமுறை நடக்கும். டிக்கெட் போனில் இருக்கும் என்பதால் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கொடி, மேளம், பேக்பைப் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். உள்ளே போனபின் இருக்கை எண்ணைத் தேடி யாரையும் எழுப்பாதீர்கள். எண்படி யாரும் உட்காருவதில்லை. சொல்லப்போனால் யாரும் உட்காருவதே இல்லை.

முடிவதற்கு முன்னால் எழுந்து போகவும் கூடாது. 2023 ஜூனில் ஆஸ்லோவில் நார்வே 1–0 என்று முன்னணியில் இருந்தது. 87ஆம் நிமிடம் எங்கள் டைக்ஸ் கோல் போட்டார், 89ஆம் நிமிடம் மெக்லீன். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு ஷ்டுட்கார்ட்டில் அதே கணக்கு எங்கள் தலையில் விழுந்தது. ஹங்கேரியின் கோல் 100ஆவது நிமிடத்தில் வந்து எங்களை ஐரோப்பியக் கோப்பையை விட்டே வெளியேற்றியது.

ஊதல் ஒலித்தபின் வருவதுதான் புதியவர்களுக்கு யாரும் சொல்லாத பகுதி. உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை விருந்தினர் பகுதியைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அரை மணி ஆகலாம், முக்கால் மணி ஆகலாம். விளக்குகளைக் குறைப்பார்கள், கடையைச் சாத்துவார்கள், குளிர் ஏறும். இதற்கென்றே பையில் ஒரு மெல்லிய மேலங்கியும் தின்ன ஏதாவதும் வையுங்கள், இரண்டு பங்காக. பக்கத்தில் ஒருவர் ஒன்றும் இல்லாமல் நிற்பார். ஆட்டத்தின்போது எல்லோரும் களத்தைப் பார்த்து நிற்கிறோம். அந்த நேரத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். தோற்ற இரவில் பூட்டிய பகுதிக்குள் யார் தளர்ந்துவிட்டார், யாருக்குக் கடைசி ரயில், யாருடைய போன் அணைந்துவிட்டது என்று கேட்டுத் திரிவதுதான் இந்தக் கூட்டத்தில் ஆளாகும் வழி. பெய்ஸ்லியிலிருந்து வரும் ஒரு மின்பணியாளர் போனுக்கான மின்சேமிப்பான்களைக் கொண்டுவந்து அந்நேரத்தில் சுற்றுக்கு விடுவார். அவர் பெயர் தெரியாதவர்கள்கூட அவரைத் தேடுவார்கள்.

2025 நவம்பர் 15 அன்று பிரேயஸில் 3–0 என்று பின்தங்கி, இரண்டு கோல் திருப்பி, 3–2 என்று தோற்றோம். அதே நேரத்தில் கோபன்ஹேகனில் டென்மார்க் பெலாரஸோடு ஆடிக்கொண்டிருந்தது. போன் உயிரோடு இருந்தவரைச் சுற்றி ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள். 2–2 என்று முடிந்த செய்தி வந்ததும் தோற்ற கூட்டம் வென்ற கூட்டமாகக் கத்தியதைப் பார்த்து, காவலுக்கு நின்ற கிரேக்கக் காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆசிரியை அவரிடம் விரலை மடக்கிப் புள்ளிக்கணக்கு விளக்கினார்: டென்மார்க்கைக் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் வென்றால் உலகக் கோப்பை. மூன்று நாள் கழித்து 4–2 என்று வென்றோம். 1998க்குப் பிறகு ஆண்கள் அணி முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

கதவு திறந்ததும் குழுவாகவே வெளியேறுங்கள். சந்திக்கும் இடத்தை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அத்தனை பேர் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் இணைப்பு கிடைக்காது. மறுநாள் விமானத்தை அதிகாலையில் போடாதீர்கள். ஊர் திரும்பியதும் பொதுப்பைக் கணக்கை அன்றே முடித்துவிட்டு, கிளப் கணக்கில் உங்கள் புள்ளி ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அடுத்த ஆட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட முன்னால் இருக்கும்.