இளம் ஐஸ் ஹாக்கி வீரரை ஏ.எச்.எல்.லில் வளர்ப்பது: அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் சுற்றில் எடுத்த பையனை, சீசன் தொடங்கும் அந்த அக்டோபரிலேயே வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். களத்தில் இறக்கிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது: இடம் இல்லையென்று நான்காவது லைனில் (மாறி மாறி இறங்கும் முன்கள வீரர் குழுக்களில் கடைசியில்) சேர்ப்பது. ஆட்டத்துக்கு எட்டொன்பது நிமிடம், பவர் பிளே (தண்டனையால் எதிரணியில் ஆள் குறையும்போது ஆடும் வாய்ப்பு) கிடையாது. பக்கை (ரப்பர் வட்டை) வெளியே அடித்துவிட்டு பெஞ்சுக்கு ஓடிவருவதே வேலை. கோல் அடிக்கப் பிறந்தவன்கூட நாலு மாதத்தில் பக்கை வைத்துக்கொண்டு யோசிக்கிற தைரியத்தை இழந்துவிடுவான். அதே பையனுக்கு, என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை வளர்க்கும் அடுத்த படி லீக்கான ஏ.எச்.எல்.லில் முதல் லைனில் 18 நிமிடம் கிடைக்கும். ஒரு ஷிப்டில் (ஒருமுறை களமிறங்கும் நேரத்தில்) தவறினாலும் அடுத்த ஷிப்ட் உண்டு.

என்.எச்.எல். அணியான கொலராடோ 2015இல் 10ஆவதாக எடுத்த மிக்கோ ரான்டனன், முதல் சீசனில் ஆடிய 9 என்.எச்.எல். ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட (கோலோ, கோலுக்கான உதவியோ) எடுக்கவில்லை. கொலராடோவின் ஏ.எச்.எல். அணியான சான் அன்டோனியோவுக்கு அனுப்பினார்கள். அங்கே 52 ஆட்டங்களில் 60 புள்ளிகள் குவித்தார். அந்த 9 என்ற எண் முக்கியம். 18, 19 வயதில் ஒப்பந்தமானவர் 10 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால், மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். எட்மன்டன் 2016இல் 4ஆவதாக எடுத்த யெஸ்ஸி புல்யுயார்வியோ 28 ஆட்டங்கள் ஆடிய பிறகே அதன் ஏ.எச்.எல். அணியான பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். குறைந்த சம்பளத் தொடக்க ஒப்பந்தத்தின் மூன்று ஆண்டுகளில் ஒன்று அப்படியே கரைந்தது.

கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து எடுத்த 18 வயதுக்காரருக்கு இந்த ஏ.எச்.எல். வழி இல்லை. என்.எச்.எல்.லில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஐரோப்பாவிலிருந்து எடுத்தவரை அனுப்பலாம்.

அனுப்பினால் மட்டும் போதாது. ஏ.எச்.எல். பயிற்சியாளருக்கும் ஜெயிக்க வேண்டிய கட்டாயம் உண்டு. நெருக்கடியில் முப்பது வயது அனுபவசாலியைத்தான் பவர் பிளேக்கு அனுப்புவார். 18 ஸ்கேட்டர்களில் (கோலி அல்லாத வீரர்களில்) 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும் என்ற விதி அணியில் இடம் தருமே தவிர, நிமிடங்களைத் தராது. ஆகவே எந்த லைன், எந்த பவர் பிளே பிரிவு, பெனால்டி கில் (தன் அணியில் ஆள் குறையும்போது ஆடும் தற்காப்பு) உண்டா என்பதை முன்கூட்டியே பேசி எழுதிவிட வேண்டும். நடுவில் ஆடும் சென்டரை ஓரத்தில் ஆடும் விங்குக்கு மாற்றக் கூடாது. இரண்டு அணிகளும் ஒரே முறையில் ஆட வேண்டும். இல்லையென்றால் மேலே அழைத்ததும் பையன் புதிதாகப் பாடம் படிப்பான்.

கோல்கீப்பர் விஷயத்தில் அவசரம் இன்னும் ஆபத்தானது. என்.எச்.எல்.லில் மாற்று கோலியாக உட்கார்ந்தால் வருடத்துக்குக் கிடைக்கும் ஆட்டங்கள் குறைவுதான். 2012இல் 130ஆவதாக எடுக்கப்பட்ட கானர் ஹெலபக், 2014-15இல் ஏ.எச்.எல். அணியான செயின்ட் ஜான்ஸில் 58 ஆட்டங்கள் ஆடினார். பின்னாளில் என்.எச்.எல்.லின் சிறந்த கோலிக்கான வெசினா விருதை மூன்று முறை வென்றார். ஒரே ஏ.எச்.எல். வலைக்கு இரண்டு இளம் கோலிகள் இருந்தால் 72 ஆட்டங்களைப் பிய்த்துக்கொடுக்காமல், ஒருவரை இன்னும் ஒரு படி கீழுள்ள ஈ.சி.எச்.எல். லீக்குக்கு அனுப்பி முழுக்க ஆடவிடுவதே மேல்.

புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்து மேலே ஏற்றுவதும் தவறு. எத்தனை புள்ளிகள் ஐவருக்கு ஐவர் ஆடும்போது வந்தன என்று பிரித்துப் பாருங்கள். டிஃபென்ஸ்மேன் என்றால், எதிரணியின் முதல் லைனுக்கு எதிராக அவரைத் துணிந்து அனுப்புகிறார்களா என்பதே அளவுகோல்.

கடைசியாக, நாள்காட்டி. 18 வயதில் ஒப்பந்தமான ஸ்கேட்டருக்கு வேவர்ஸ் விலக்கு (வேறு அணிகள் உரிமை கோராமல் கீழே அனுப்பும் சலுகை) 5 ஆண்டு அல்லது 160 என்.எச்.எல். ஆட்டம்வரைதான். ஆனால் 18, 19 வயதிலேயே ஒரு சீசனில் 11 ஆட்டம் ஆடிவிட்டால் அந்த ஆண்டுக்கணக்கு 3ஆகச் சுருங்கும். அதற்குப் பிறகு கீழே அனுப்பினால் வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம்.