தூரம் ஓட இலேசான சப்பாத்து: பார்த்து வாங்கும் முறை

நல்லூர்த் திருவிழா நெருங்க நெருங்க வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரத் தொடங்குவார்கள். அந்த நாட்களில் எங்கள் கழகத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். “மிஸ், சித்தப்பா கனடாவில இருந்து வாறார். ஓடுற சப்பாத்து கொண்டுவரட்டோ எண்டு கேக்கிறார். எதைச் சொல்ல?” அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்: “நல்ல இலேசானதா இருக்கோணும்.”

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் கொக்குவிலில் நெடுந்தூர ஓட்டம் பழகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். விடியற்காலையில் நானும் ஓடுகிறேன். பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி வருவதையே இங்கே எழுதுகிறேன். சப்பாத்தின் இலேசு மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலாவது உங்கள் பாதம், இரண்டாவது நீங்கள் ஓடும் வீதி. இந்த ஒழுங்கு மாறினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பலன் இல்லை.

பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

பின்னேரம் அளக்க வேண்டும். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், தூரம் ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். சுவரோரமாக ஒரு கடதாசியை வைத்து, குதிக்கால் சுவரில் முட்டும்படி முழுப் பாரத்தையும் கொடுத்து நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். எல்லாருக்கும் அது பெருவிரல் அல்ல, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியதன் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டச் சப்பாத்துக்கு அதைவிட அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் கூடிய அளவு வேண்டும். முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி இல்லாவிட்டால், நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு நகம் கறுத்துப்போகும்.

சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியதும் இந்தச் சென்ரிமீற்றர் கணக்கைத்தான். வெறுமனே “சைஸ் எட்டு” என்று சொன்னால் கனடாவில் ஒன்று வரும், லண்டனில் இன்னொன்று வரும். நைக்கியில் 26.5 சென்ரிமீற்றர் ஆண்கள் சப்பாத்துக்கு அமெரிக்க எண் 8.5, பிரித்தானிய எண் 7.5, ஐரோப்பிய எண் 42. வேறு நிறுவனங்களில் இந்தப் பொருத்தமும் அரை எண் அங்குமிங்கும் நகரும். பெண்களுக்கான அமெரிக்க எண் ஆண்களுடையதைவிடப் பொதுவாக ஒன்றரை கூட. சப்பாத்தின் நாக்கின் உட்புறத்தில் இருக்கும் லேபலில் பெரும்பாலும் சென்ரிமீற்றர் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். காசு கட்டுவதற்கு முதல் அந்த லேபலைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு மாற்ற முடியாது.

நீளத்தைப் போலவே அகலமும் முக்கியம். எங்கள் ஊரில் பலர் வீட்டுக்குள் வெறுங்காலுடனும் வெளியே செருப்புடனும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்து, பாதத்தின் முன்பக்கம் அகலமாக இருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் வாழ்பவர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. இலேசான சப்பாத்துகளோ பெரும்பாலும் முன்பக்கம் ஒடுங்கியவை. ஆகவே அகலத்தைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள். ஆண்களுக்கு ‘டி’ சாதாரண அகலம், ‘2ஈ’ அகலம், ‘4ஈ’ இன்னும் அகலம். பெண்களுக்கு ‘பி’ சாதாரணம், ‘டி’ அகலம். அசிக்ஸ், நியூ பேலன்ஸ், புரூக்ஸ் போன்றவர்கள் ஒரே சப்பாத்தைப் பல அகலங்களில் செய்கிறார்கள். அகலப் பாதமுள்ள பெண் பிள்ளைகளுக்கு நான் ஆண்களுக்கான சாதாரண அகலத்தையே சொல்வேன். நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஓடிப் பார்த்த பிறகு பேச்சு இருக்காது.

அகலம் போதாததற்காக ஒரு சைஸ் கூட எடுக்க வேண்டாம். விரல்களுக்கு இடம் கிடைக்கும், ஆனால் குதிக்கால் உள்ளே வழுக்கும். கொப்புளம் அங்கேதான் தொடங்கும்.

எந்த வீதியில் ஓடுகிறீர்கள்?

யாழ்ப்பாணம் தட்டையான ஊர். மலையில் இறங்கும்போது முழங்காலில் விழும் அடி இங்கே இல்லை. அதற்குப் பதிலாக, ஒரே மட்டத்தில் ஒரே விதமாக ஆயிரக்கணக்கான அடிகள் விழுகின்றன. பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை, காற்று மட்டும்தான் மாறும். இப்படியான ஓட்டத்தில் உள்ளே உறுத்தும் சிறிய தையல்கூடப் பத்தாவது கிலோமீற்றரில் பெரிய பிரச்சினையாகிவிடும்.

காபட் வீதிகள் வெள்ளம் வடிவதற்காக ஓரத்தில் சரிந்திருக்கும். வாகனங்களை எதிர்நோக்கி வலது ஓரத்தால் ஓடுவதுதான் பாதுகாப்பு, நான் அப்படித்தான் ஓடுகிறேன். ஆனால் அப்படி ஓடும்போது வலது கால் எப்போதும் பள்ளப் பக்கம் விழும். பாதத்துக்கும் அடி இறப்பருக்கும் நடுவில் மெத்தைபோல் இருக்கும் ஃபோம் உயரமாகவும் மென்மையாகவும், அடிப்பாகம் ஒடுக்கமாகவும் உள்ள சப்பாத்து அந்தச் சரிவில் ஆடும், கணுக்காலும் சேர்ந்து ஆடும். வாங்கும்போது சப்பாத்தைத் திருப்பி அடிப்பாகத்தின் அகலத்தைப் பாருங்கள். குதிப் பக்கம் அகலமாக இருப்பது எங்கள் வீதிகளுக்கு நல்லது.

ஒழுங்கைகளுக்குள் ஓடுபவர்களுக்கு வேறு கவலை. நிறையைக் குறைப்பதற்காகப் பல நிறுவனங்கள் அடி இறப்பரை அங்கங்கே வெட்டி எடுத்துவிட்டு, ஃபோமையே நிலத்தில் படவிடுகின்றன. தார் வீதியில் அது தாக்குப்பிடிக்கும். கிறவல் ஒழுங்கையில் கல்லுக் கிழிக்கும். மைதானத்தில் நெருஞ்சி முள் ஏறி, ஃபோமுக்குள்ளேயே முறிந்து கிடக்கும். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கச் செம்மண் பாதைகளில் ஓடினால், பெரிய ஓட்டைகள் உள்ள மேல் துணிக்குள்ளால் புழுதி போய்ச் சொக்ஸையும் தோலையும் அரைக்கும். ஆகவே குதியின் வெளிப்பக்கத்திலும் முன்பாதத்தின் கீழும் இறப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அதனால் கூடும் சில கிராம்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இருட்டோடு ஓடுபவர்கள் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி உள்ளதை எடுங்கள். கறுப்புச் சப்பாத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இப்போது நிறைக்கு வருவோம்

இடுப்பில் 100 கிராம் கட்டுவதும் பாதத்தில் 100 கிராம் கட்டுவதும் ஒன்றல்ல. பாதம் ஒவ்வோர் அடியிலும் நின்று, மறுபடி வேகமெடுத்து, மறுபடி நிற்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். சப்பாத்துக்குள் சிறிய ஈயக் குண்டுகளை வைத்து, எதில் எவ்வளவு பாரம் என்று சொல்லாமல் 18 பேரை ஓடவிட்டார்கள். 2016இல் முடிவு வெளியானது: ஒரு சப்பாத்துக்கு 100 கிராம் கூடினால் சக்திச் செலவு சுமார் 1.1 வீதம் கூடுகிறது, 3,000 மீற்றர் ஓட்டத்தின் நேரம் சுமார் 0.8 வீதம் கூடுகிறது. அதே வீதத்தை 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடும் ஒருவருக்குப் போட்டுப் பார்த்தால் 24 வினாடி வரும்.

போட்டி நாளில் 24 வினாடி பெரிய விஷயம். மற்ற நாட்களில் பயிற்சியை விடாமல் தொடர்வதுதான் பெரிய விஷயம். கெண்டைக்கால் பிடித்து இரண்டு கிழமை வீட்டில் இருந்தால் அந்த 24 வினாடிக்கு மேலேயே போய்விடும்.

பிள்ளைகள் போனில் காட்டும் படங்களில் ஒன்று 2023இல் பெர்லின் மரதனை எத்தியோப்பிய வீராங்கனை திகிஸ்ற் அசெஃபா 2:11:53 என்ற, பெண்களுக்கான அப்போதைய உலக சாதனை நேரத்தில் ஓடிய அடிடாஸ் சப்பாத்து. நிறை 138 கிராம். அது ஒரேயொரு மரதனுக்கும் அதற்கு முன் கொஞ்சம் ஓடிப் பழகுவதற்கும் என்று செய்தவர்களே சொன்ன சப்பாத்து. பயிற்சிக்கான சப்பாத்தை அதனோடு ஒப்பிடக்கூடாது. உயரமான சப்பாத்துகளுக்கு விதியும் உண்டு. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி வீதி ஓட்டத்தில் சோலின் தடிப்பு 40 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஓடுபாதைப் போட்டிகளுக்கு 2024 நவம்பரிலிருந்து எல்லை 20 மில்லிமீற்றர். 5,000 மீற்றருக்குப் பழகும் பிள்ளைகள் இதை வாங்குவதற்கு முதலே தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. நாளாந்த ஓட்டத்துக்கான சாதாரணச் சப்பாத்து 240 முதல் 300 கிராம் வரை இருக்கும். இலேசான பயிற்சிச் சப்பாத்து 200 முதல் 240. 200க்குக் கீழே போனால் அது அநேகமாகப் போட்டிக்கானது. ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால் 250 கிராமை ஒட்டிய ஒன்றை வாங்குங்கள், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். இரண்டு சோடிக்கு வழி இருந்தால் இரண்டாவதை இலேசாக எடுத்து, வேக ஓட்ட நாட்களுக்கு ஒதுக்குங்கள். மாறிமாறி அணிவதிலும் நன்மை உண்டு. லக்சம்பேர்க்கில் 264 ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகளை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 வீதம் குறைவாக இருந்தது.

நிறுவனம் சொல்லும் நிறை பொதுவாக ஆண்களின் அமெரிக்க எண் 9க்கு உரியது. சைஸ் கூடினால் நிறையும் கூடும். நான் கையில் கிடைக்கும் சப்பாத்தைப் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்ப்பேன், கடைக்கார அண்ணைக்கு இப்போது பழகிவிட்டது. போலிகளைப் பிடிக்கவும் இது உதவும். நான் பார்த்த போலிகளில் பல, சொன்ன நிறையைவிட நன்றாகவே பாரம். நாக்கு லேபலில் உள்ள மொடல் இலக்கம் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

குதியின் உயரம்

குதிப் பக்கச் சோலுக்கும் முன்பக்கச் சோலுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ட்ரொப் என்பார்கள். பூச்சியத்திலிருந்து 12 மில்லிமீற்றர் வரை வரும். இலேசான சப்பாத்துகளில் இது பெரும்பாலும் குறைவு. ட்ரொப் குறையும்போது பாரம் கெண்டைக்காலுக்கும் அதைக் குதியோடு இணைக்கும் குதிநாணுக்கும் போகும், கூடும்போது முழங்காலுக்குப் போகும். இதுவரை 10 மில்லிமீற்றரில் ஓடியவர் நேரே 4 மில்லிமீற்றருக்கு மாறி அன்றே 15 கிலோமீற்றர் ஓடக்கூடாது. முதல் கிழமை ஒரு நாள், அதுவும் குறுகிய தூரம். பிறகு மெல்லமெல்லக் கூட்டுங்கள். கெண்டைக்கால் கொஞ்சம் நோவது வழமை. காலையில் கட்டிலால் இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிநாண் வலித்தால் பழைய சப்பாத்துக்குத் திரும்புங்கள். அந்த வலியோடு ஓடிப் பழக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

கடையில் அல்லது கையில் வந்ததும்

ஓடும்போது போடும் சொக்ஸோடு போட்டுப் பாருங்கள். இரண்டு காலிலும் போட்டு, லேஸ் கட்டி, கடைக்கு வெளியே கொஞ்சம் ஓட விடுவார்களா என்று கேளுங்கள். “போடப் போட இளகும்” என்று சொன்னால் வாங்காதீர்கள். ஓட்டச் சப்பாத்து முதல் நிமிடமே சுகமாக இருக்க வேண்டும். கையால் வளைத்தால் விரல்கள் மடியும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் அது நல்ல சப்பாத்தல்ல. குதிக்கால் கொஞ்சம் வழுக்குகிறது, மற்றபடி எல்லாம் சரி என்றால், மேலே உள்ள கடைசி ஓட்டையில் லேஸைக் கொழுவி வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள்ளால் எடுத்து இறுக்கிப் பாருங்கள். பலருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

மலிவு விலையில் கிடைக்கும் பழைய இருப்பில் கவனம் வேண்டும். பொலியூரத்தேன் சோல், பெட்டிக்குள் கிடந்தாலும் ஈரப்பதனால் வருடக்கணக்கில் உக்கி, ஓடத் தொடங்கியதும் துண்டு துண்டாகக் கழரும். பெருவிரலால் சோலை அழுத்திப் பாருங்கள். பொருக்காக உதிர்ந்தாலோ பசை விட்டிருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

மாரியிலும் வெயிலிலும்

ஐப்பசி, கார்த்திகையில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். சப்பாத்து நனையாமல் ஓட முடியாது. வந்ததும் உள்ளே பாதம் படும் இன்சோலைக் கழற்றி, பழைய பத்திரிகையைக் கசக்கி உள்ளே அடைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். காற்றோட்டமான விறாந்தையில் நிழலில் வையுங்கள். தகரக் கூரையிலோ மத்தியான வெயிலில் சீமெந்துத் தரையிலோ காயவைத்தால் ஃபோம் சுருங்கும், பசையும் இளகும். கடலோரம் ஓடியிருந்தால் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் காயவிடுங்கள். வோஷிங் மெஷினில் போட வேண்டாம்.

பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை ஒரு சோடி உழைக்கும். இலேசானவை கீழ் எல்லையிலேயே முடிந்துவிடும், கிறவலில் ஓடினால் அதற்கும் முதலே. வாங்கிய திகதியை இன்சோலின் அடியில் பேனையால் எழுதி, ஓடிய தூரத்தை ஒரு கொப்பியில் கூட்டி வாருங்கள். சோலின் பக்கத்தில் ஆழமான சுருக்கங்கள் நிலையாக விழுந்திருந்தால், அல்லது மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், மேல் துணி புதிதாகத் தெரிந்தாலும் அது முடிந்த சப்பாத்து. சந்தைக்கும் கடைக்கும் நடக்க அது போதும், நீண்ட ஓட்டத்துக்குப் போடாதீர்கள். அடுத்த சோடியை, இது முழுதாகத் தேய்வதற்கு ஒரு மாதம் முன்னதாகவே சித்தப்பாவிடம் சொல்லிவையுங்கள்.