ஒரு கம்பு, ஒரு நிழல், நம் ஊர் அட்சரேகை: உயர்நிலை வகுப்புக்கு ஒரு மைதானப் பாடம்

"சென்னை 13 டிகிரி வடக்கு" என்று பிள்ளைகள் தேர்வில் சரியாக எழுதிவிடுவார்கள். "அந்த 13 டிகிரி எதற்கும் எதற்கும் நடுவில் உள்ள கோணம்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். நானும் முதல் சில வருடங்கள் கரும்பலகையில் வட்டம் வரைந்து, குறுக்கே கோடு போட்டுத்தான் இதை நடத்தினேன். மைதானத்துக்குக் கூட்டிப்போய் அளக்க வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. புதிதாகப் புவியியல் நடத்த வரும் ஆசிரியர்கள் முதல் வருடமே இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் நாள் குறிக்க வேண்டும். மார்ச் 20, 21 அல்லது செப்டம்பர் 22, 23. சம பகல் இரவு நாட்கள் எனப்படும் அந்த நாட்களில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் ஏறக்குறைய அரை டிகிரிதான் பிசகும். இரண்டு மாதமும் தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மேகம் வந்து கெடுக்கலாம், மார்ச்தான் நம்பகமானது.

தேவையானவை கொஞ்சம்தான்: நேரான கம்பு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு (நூலில் கல் கட்டினாலும் போதும்), வெள்ளை சார்ட் தாள், ஸ்கேல், பாகைமானி.

கம்பைத் தரையில் நடுங்கள். தரைக்கு மேலே சரியாக 1 மீட்டர் நிற்க வேண்டும். மணல் நிரப்பிய வாளியில் நடலாம் என்று தோன்றும், வேண்டாம். நம் ஊரில் இந்த நிழல் மிகக் குட்டை, வாளிக்குள்ளேயே விழுந்துவிடும். நான் முதல் முறை அப்படித்தான் அரை மணி நேரத்தை இழந்தேன். தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்துக் கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். கம்பின் அடியிலிருந்து வடக்கே தாளை விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். யாரும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இனி 11.45க்குத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிள்ளையை அனுப்புங்கள், எல்லார் கையும் படட்டும். நுனி மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். மங்கலின் நடுவில் புள்ளி வைத்தால் சரி.

ஒரு மணி வாக்கில் புள்ளிகளை ஸ்கேலால் இணைக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட நேர்கோடாக வரும். சம பகல் இரவு நாட்களில் மட்டும்தான் இப்படி. அந்தக் கோடு கிழக்கு மேற்கு. கம்பின் அடியிலிருந்து அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்தால் அது வடக்கு, அதன் நீளம்தான் உச்சி நேர நிழல். மதுரையில் சுமார் 17.5 செ.மீ. வரும். சென்னையில் 23, கன்னியாகுமரியில் 14.

வகுப்புக்குத் திரும்பி, நோட்டில் பத்தில் ஒரு பங்காக வரையட்டும். 10 செ.மீ. கம்பு, 1.75 செ.மீ. நிழல், இரண்டின் நுனியையும் இணைத்தால் முக்கோணம். மேல் முனையில் பாகைமானியை வைத்தால் 10 டிகிரி. மதுரையின் அட்சரேகையும் அதுதான்!

இது ஏன் என்று விளக்குவதில் அவசரப்படாதீர்கள், பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கரும்பலகையில் பூமியை வரைந்து, கம்பை அப்படியே கீழே நீட்டுங்கள், பூமியின் மையத்துக்குப் போகும். நிலநடுக்கோட்டிலிருந்தும் மையத்துக்கு ஒரு கோடு. அங்கே வெயில் நேர் மேலிருந்து விழுவதால் அந்தக் கோடும் சூரியக் கதிரும் ஒரே திசை. கதிர்கள் எல்லாம் இணை என்பதால் நம் கம்பின் உச்சியில் உள்ள கோணமும் மையத்தில் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள், ஆகவே சமம். மையத்தில் நம் ஊர்க் கோட்டுக்கும் நிலநடுக்கோட்டுக் கோட்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் கோணம்தான் அட்சரேகை. கணக்குப் பாடத்தில் படித்தது இங்கே வந்து நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் மாறும். அதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்கிறேன்.

அலைபேசி வரைபடத்தில் அட்சரேகையைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். ஒரு குழுவுக்கு 11 வந்தால் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு டிகிரி என்பது வடக்கு தெற்காக ஏறக்குறைய 111 கி.மீ. "அப்படியானால் நம் பள்ளிக்கூடத்தை எவ்வளவு தூரம் நகர்த்திவிட்டீர்கள்?" என்று கேட்டால், எங்கே அளவு பிசகியது என்று அவர்களே தேடிப் போவார்கள்.

"உச்சி வேளை 12 மணிக்குத்தானே, நிழல் ஏன் மார்ச்சில் 12.25க்குக் குட்டையானது?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இந்தியத் திட்ட நேரம் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை 78 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் சுமார் 18 நிமிடம் தாமதம். பூமியின் சுற்றுப்பாதையாலும் அச்சின் சாய்வாலும் மார்ச்சில் இன்னும் 7 நிமிடம் கூடும், செப்டம்பரில் 7 நிமிடம் குறையும். தீர்க்கரேகைப் பாடத்தை அடுத்த வகுப்பில் இங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

வேறு ஊரில் தெரிந்த ஆசிரியர் இருந்தால் அதே நாளில் அங்கேயும் கம்பு நடச் சொல்லுங்கள். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் 5 டிகிரி வித்தியாசம். வரைபடத்தில் அளவுகோல் வைத்து வடக்கு தெற்குத் தூரத்தை மட்டும் அளந்தால் சுமார் 555 கி.மீ. (சாலைத் தூரத்தை எடுக்கக் கூடாது.) 360ஐ 5ஆல் வகுத்து, 555ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இதே வழியில்தான், 7.2 டிகிரி வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டார்.

சென்னைப் பள்ளிக்காரர்களுக்கு இன்னொன்று. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும். 12 மணி 10 நிமிடம் வாக்கில் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை வெயிலில் வரிசையாக நிறுத்தச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் ஒரு பாட்டிலுக்கும் பக்கத்தில் நிழல் இருக்காது.